சீத்தாத் தோட்டத்துக்குக் கொஞ்சம் அழுகல்

கரட்டூர், ராசிபுரம் வழி
12.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செங்கோடன் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நான் கத்தினால் நீங்கள் கத்துகிறீர்கள், நீங்கள் கத்தினால் ஃபேர்லேண்ட்ஸில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று பிரீத்தி சொல்லிவிட்டாள். "மாமா, உங்களுக்குக் காது மந்தம், அம்மாவுக்கு பிபி. ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்குங்க" என்பது அவள் உத்தரவு. கோழிப் பண்ணையில் இருபத்தேழு வருஷம் ஃபேன் சத்தத்துக்குள் நின்றவனுக்குக் காது வேறு எப்படி இருக்கும்? சரி, எழுத்திலேயே தெரிவிக்கிறேன்.

ஐப்பசியில் நீங்கள் தோட்டத்தில் விழுந்து, தொடை எலும்பில் தகடு வைத்துப் பிரீத்தி வீட்டுக்குப் போன பிறகு இங்கே நடந்த வேலை விவரம். சீத்தா மரம் மொத்தம் இருநூற்றுப் பத்து. பதினான்கு வரிசை, வரிசைக்குப் பதினைந்து. அத்தனைக்கும் அடியில் கூட்டிச் சுத்தம் செய்தாயிற்று. கீழ்க்கோடியில் வேலியோரம் நீங்கள் வருஷக்கணக்காகக் கொட்டி வைத்திருந்த அழுகல் பழக் குவியலை ஆள் வைத்து மூன்று நாள் வாரி, குழி வெட்டிப் புதைத்து, மேலே சுண்ணாம்பு போட்டாயிற்று. மரத்திலேயே கருகித் தொங்கிய பழசுகளையும் விடவில்லை. சருகைக் கொளுத்தினேன். கேட்டருகே கால் நனைக்க ஒரு தொட்டி கட்டியிருக்கிறேன். மருந்துத் தண்ணீரில் கால் வைக்காமல் குப்பாயி உள்ளே வேலைக்கு வர முடியாது. முதல் வாரம் சிரித்தாள். இப்போது பழகிவிட்டாள்.

தோட்டத்தில் ஒரு ஈ இல்லை. பண்ணையில் அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில்கூட நான் இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை. பூ பிடித்துக் காயாக வேண்டுமே என்று இரண்டு தேனீப் பெட்டியும் வாங்கி வைத்துவிட்டேன். நீங்கள் கேட்காமலேயே செய்தது. மொட்டு நிறைய வந்திருக்கிறது. உங்கள் அபிப்பிராயம் அறிய ஆவல்.

தங்கள் தம்பி
செங்கோடன்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
16.4.2025

தம்பிக்கு,

கடுதாசி வந்தது. படித்துவிட்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பக்கத்து ஃபிளாட்காரர் வந்துவிடுவார்.

என் அபிப்பிராயம் அறிய ஆவலா? முதலில் கேட்டுவிட்டுச் செய்வதற்குத்தான் ஆவல் என்று பெயர். செய்து முடித்துவிட்டுக் கேட்பதற்கு வேறு பேர் இருக்கிறது, அதைக் கடுதாசியில் எழுத வேண்டாம் என்று விடுகிறேன். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு உன்னிடம் என்ன சொன்னேன்? "போட்டது போட்டபடி கெடக்கட்டும், தண்ணி மட்டும் உடு சாமி" என்று சொன்னேனா இல்லையா? பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாயே. எந்தக் காதில் விழுந்தது?

அந்தக் குவியலை யார் வாரச் சொன்னார்கள்? அது அங்கே இருக்க வேண்டும். அங்கேதான் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே. பதினோரு வருஷம் அந்த மரங்களோடு நான் இருக்கிறேன், நீ ஆறு மாசம் இருக்கிறாய். கோழிக்கொட்டாயும் தோப்பும் ஒன்றா? கால் நனைக்கத் தொட்டி கட்டினானாம்! சீத்தா மரத்துக்குக் கோழிச்சளி வருமா?

இதையும் கேட்டுக்கொள். இங்கே பிரீத்தியும் மாப்பிள்ளை குமரனும் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வலியில் கிடந்தபோது நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். இந்த வருஷம் தோட்டம் நன்றாகக் காய்த்தால் நான் கரட்டூர் திரும்பலாம். காய்க்காவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இங்கே மூன்றாம் மாடியில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு சாக வேண்டும். ஆவணியில் வந்து பார்ப்பார்கள். "அவிங்க நேர்ல வந்து பாக்கட்டும்" என்று நானேதான் சவாலும் விட்டேன்.

அதனால் இனிமேல் எதையும் சுத்தம் செய்யாதே. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

அக்கா
சாரதாமணி

கரட்டூர்
9.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதத்தில் கண்ட வசவுகளைப் பெற்றுக்கொண்டேன். புதைத்த குவியலைத் தோண்டி எடுப்பது நடக்காத காரியம். சுண்ணாம்பு போட்டு மூன்று மாசம் ஆகிவிட்டது.

இப்போது ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. கெட்டது முதலில். பூ ஏராளமாகப் பூத்தது. பச்சையாக, தடித்த மூன்று இதழோடு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. ஆனால் பூத்ததெல்லாம் இரண்டு நாளில் கொட்டுகிறது. காலையில் மரத்தடியில் கூட்டினால் ஒரு முறம் பூ. காய் என்று பார்த்தால் இங்கொன்று அங்கொன்று. தேனீக்கள் சீத்தாப் பூவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பெட்டியை விட்டுக் கிளம்பி நேராக வேலியைத் தாண்டி அடுத்த காட்டு எள்ளுக்குப் போகின்றன. என் செலவில் அவர்களுக்கு எள்ளு விளைகிறது.

நல்ல செய்தி, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கொட்டாத பூ சிலவற்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பூச்சி! எள்ளு அளவுதான் இருக்கும், பழுப்பு நிற வண்டு. ஒரு பூவில் இரண்டு, ஒன்றில் மூன்று. இதழை மூடிக்கொண்டு உள்ளேயே குடியிருக்கின்றன. பூவைக் கெடுத்துக் கொட்ட வைப்பது இவைதான். ராசிபுரம் போய் மருந்து வாங்கி வந்து, நானே கைத்தெளிப்பானை முதுகில் மாட்டி, இரண்டு நாளில் இருநூற்றுப் பத்து மரமும் அடித்து முடித்தேன். மூன்றாம் நாள் இருபது பூ பிரித்துப் பார்த்தேன். ஒரு வண்டு இல்லை.

இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த பூ நிச்சயம் நிற்கும்.

செங்கோடன்

ஃபேர்லேண்ட்ஸ்
13.5.2025

செங்கோடா,

அட படுபாவி.

அந்த வண்டுதானடா மருமகன்! அதைக் கொன்றுவிட்டு அடுத்த பூ நிற்கும் என்கிறாயே. எங்கே நிற்கும்?

பிரீத்தி உப்புப் போடாத கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஏன் என்று சொல்கிறேன், கேள். தேனீக்கு அந்தப் பூவில் தேனும் கிடையாது, உள்ளே போக வழியும் கிடையாது. முதல் நாள் பூ இதழை ஒரு விரற்கடைகூடத் திறக்காது, கீற்றாகத்தான் விடும். அந்த நேரத்தில் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்திருக்கிறாயா? இல்லை. உன் மூக்குக்கு பினாயில் வாசம் தவிர வேறு எது தெரியும்? பூ பூ மாதிரி மணக்காது. அளவு மீறிப் பழுத்த பழம் மாதிரி, கொஞ்சம் புளித்த மாதிரி மணக்கும். அந்த வாசம் யாருக்கு? அழுகிய பழத்தில் பிறந்து அழுகிய பழத்தில் குடும்பம் நடத்துகிற அந்த எள்ளு வண்டுக்கு. பழம் என்று நினைத்து அது உள்ளே நுழையும். ராத்திரி அங்கேயே தங்கும். மறுநாள் பூ பொடியை உதிர்த்து இதழைத் தளர்த்தும். வண்டு முதுகெல்லாம் பொடியோடு வெளியே வந்து, இன்னொரு புதுப் பூவின் வாசத்துக்கு ஏமாந்து அங்கே போகும். அப்படித்தான் காய் பிடிக்கிறது.

எந்தப் படிப்பும் படித்து இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நாலாம் வருஷம் ஒரு பூவைப் பறித்து, டம்ளரில் போட்டுத் தட்டால் மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் நாலு வண்டு, மாவு பூசிக்கொண்டு வந்தன. அப்புறம்தான் குவியலுக்குப் பக்கத்து வரிசைகள் மட்டும் ஏன் ஒடிய ஒடியக் காய்க்கின்றன என்று புரிந்தது. அதிலிருந்து விழுந்த பழத்தை அங்கேதான் கொட்டி வந்தேன். அது குப்பை இல்லை. வண்டுகளுக்கு வீடு. வீட்டைப் புதைத்தாய். மிச்சம் இருந்ததுகள் எங்கிருந்தோ பூ வாசத்துக்கு வந்தால், அதையும் மருந்தடித்துத் தீர்த்தாய்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. உன் பழைய முதலாளி நம் நிலத்தில் ஷெட் போட இடம் கேட்டார் என்று குப்பாயி பிரீத்தியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். இந்த வருஷம் காய்க்காவிட்டால் யாருக்கு லாபம் என்று எனக்கும் கணக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவர் உப்பைத் தின்றவன் நீ.

சாரதாமணி

கரட்டூர்
20.5.2025

சாரதாமணி அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில். முதலாளி தை மாசம் காரில் வந்தார். "செங்கோடா, எடம் நல்லா இருக்குது. ரெண்டு ஷெட்டு போடலாம். நீயே வந்து பாத்துக்க, சம்பளம் போட்டுத் தாரேன்" என்றார். "இது எங்க அக்கா காடுங்க. அது உசுரோட இருக்கற வரைக்கும் இங்க கோழி வராதுங்க" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் இடம் கேட்டதைச் சொன்ன குப்பாயி, நான் சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது. ஏன் என்று கேட்காதே என்று ஏப்ரல் கடிதத்தில் எழுதியது யார்? இந்த டம்ளர் கதையை அன்றைக்கே எழுதியிருந்தால் நான் மருந்துக் கடைப் பக்கம் போயிருப்பேனா? பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது என்னிடம் சொன்னதுண்டா? எனக்கு ஏன் என்று தெரிந்தால்தான் ஒன்றைச் செய்யாமல் இருக்க வரும். பண்ணையில் அப்படித்தான் பழகினேன். ஒரு கோழி செத்தால் ஏன் செத்தது என்று எழுத வேண்டும்.

மூன்றாவது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஐப்பசியில் நீ விழுந்த அன்றைக்கு உன்னைக் கண்டுபிடித்தது நான். வேலையில் இருந்து நின்ற மறுநாள். பண்ணையில் கொடுத்த சால்வையை உனக்குக் காட்டலாம் என்று வந்தேன். வீடு திறந்து கிடந்தது, நீ இல்லை. கூப்பிட்டால் நீ பதில் சொல்லியிருப்பாய், எனக்குத்தான் கேட்டிருக்காது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தாய். உன் செருப்படியில் அழுகிய பழம் ஒட்டியிருந்தது. கையில், கழுத்தில் எல்லாம் எறும்பு. ரெண்டு மணி நேரமாய் அப்படிக் கிடந்திருக்கிறாய். எறும்பை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன். அந்தக் குவியலை நான் வாரிக் கொட்டியது ஈக்காக மட்டும் இல்லை. நீ திரும்பி வந்தால் இன்னொரு தடவை வழுக்கக் கூடாது என்று. உனக்கு அது புரியாது, சரி.

நாளையோடு நான் விலகிக்கொள்கிறேன். சாவியைக் குப்பாயியிடம் கொடுத்துவிடுகிறேன்.

செங்கோடன்

பின்குறிப்பு: வரிசைக் கணக்கில் சேராத ஒரு மரம் கிணற்றுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு மட்டும் மருந்து அடிக்கவில்லை, கை எட்டாததால் விட்டது. அதில் ஒரு பூவைப் பறித்து டம்ளரில் வைத்தேன். இரண்டு வண்டு. மாவு பூசியிருந்தது உண்மைதான்.

ஃபேர்லேண்ட்ஸ்
24.5.2025

தம்பி,

சாவியைக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு.

முதலாளி விஷயத்தில் நான் எழுதியது தப்பு. தப்பு என்றால் தப்புத்தான், இதற்கு மேல் என்னை இழுக்காதே. டம்ளரை அன்றைக்கே எழுதியிருக்கலாம், அதுவும் சரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "வண்டுக்குப் பழம் போடறாளாமா" என்று ஊரே சிரிக்கும் என்று ஒரு பயம். உன்னிடம் சொல்லாததற்கும் அதுதான் காரணம். நீ சிரிக்க மாட்டாய், கணக்கு எழுதுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

எறும்பைத் துடைத்தது எனக்குத் தெரியாது. நான் மயக்கத்தில் இருந்தேன், ஆம்புலன்ஸில்தான் கண் விழித்தேன். இந்த ஏழு மாசமாக யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. கடுதாசியைப் பிரீத்தி கண்ணில் படாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அழுவதை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். கிணற்று மரத்தில் இரண்டு வண்டு இருக்கிறது என்றால் சுற்றிலும் கரட்டுப் புதரில் இன்னும் இருக்கும். ஆனியில் ஒரு மழை பெய்தால் மரம் மறுபடி பூவெடுக்கும். அந்தப் பூ திறப்பதற்குள் தோட்டத்தில் அழுகல் வேண்டும். நம் பழம் எல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டதால் வெளியில் இருந்து கொண்டுவர வேண்டியதுதான். இங்கே வேலைக்கு வருகிற சௌந்திரத்தின் வீடு செவ்வாய்ப்பேட்டையில், அவள் வீட்டுக்காரர் பழ வண்டி வைத்திருக்கிறார். விற்காமல் கனிந்துபோன அன்னாசி, பப்பாளி, வாழைப்பழம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ராசிபுரம் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். "எதுக்குங்கம்மா இந்த நாத்தம்?" என்றாள். "ஒரு விருந்துக்கு" என்றேன்.

நீ போய் எடுத்துக்கொள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது எடுத்துக்கொள். மரத்துக்கு மரம் கொஞ்சம் கொஞ்சமாக நிழலில் போடு. மேலே சருகு போடு, காய்ந்துவிடக் கூடாது. நடக்கிற தடத்தில் மட்டும் போடாதே. அது உனக்காகச் சொல்கிறேன்.

அக்கா

கரட்டூர்
26.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மொத்தம் ஆறு மூட்டை வந்து சேர்ந்தது. மூன்றாவது மூட்டையில் பஸ்ஸில் சாறு ஒழுகி, கண்டக்டர் என்னை ஸ்டாப்பில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. "ஏனுங்க பெரியவரே, இதென்ன பொணமா?" என்பது அதில் மரியாதையான பகுதி. அதற்குப் பிறகு மூட்டைக்குள் பிளாஸ்டிக் டிரம் வைத்து அனுப்பச் சொல்லிச் சௌந்திரத்திடம் நானே போனில் கத்தினேன்.

இனி வேலை விவரம். ஆறு மூட்டை பதினான்கு வரிசைக்குப் போதாது. இத்தனூண்டாகப் பிரித்தால் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. அதனால் கீழ் ஐந்து வரிசைக்கு மட்டும், எழுபத்தைந்து மரத்துக்குப் போட்டேன். மேல் ஒன்பது வரிசை அப்படியே நிற்கிறது. வேறு வழி இல்லை. இதற்கு என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

அழுகிய அன்னாசியைக் கையில் எடுத்தேன். செத்த கோழியை இருபத்தேழு வருஷம் தூக்கிப் புதைத்தவன், பழத்துக்கு வாந்தி எடுத்தேன். செத்ததைப் புதைக்கத்தான் எனக்குப் பழக்கம். பரப்பி வைக்கப் பழக்கம் இல்லை. குப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். கால் நனைக்கும் தொட்டியை அவளே உடைத்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் பழத்தைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் அந்த வண்டுகள் ஊர்ந்தன. எண்ண முடியவில்லை. பதினெட்டாம் தேதி நல்ல மழை. ஏற்கெனவே அரும்பியிருந்த மொட்டு அதில் பெருத்து, முந்தாநாள் திறந்தது. நீங்கள் சொன்னபடி மூக்கை ஒரு பூவுக்குக் கிட்டே கொண்டுபோனேன். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிய பிறகு மறுபடி போனேன். அப்போது தெரிந்தது. கனிந்த வாழைப்பழமும் அன்னாசியும் சேர்ந்த மாதிரி, அடியில் லேசாகக் கள் புளிப்பு. இவ்வளவு சின்னப் பூவுக்கு இவ்வளவு ஏமாற்று வேலையா என்று இருந்தது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு வண்டு வந்து இதழ் நுனியில் உட்கார்ந்து, கீற்று வழியாக உள்ளே போனது. வாசல் தேடித் திணறவில்லை, தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரி போனது. நான் நோட்டை எடுத்து மணியை எழுதிக்கொண்டேன். பத்து இருபது.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

செங்கோடன்

ஃபேர்லேண்ட்ஸ்
2.7.2025

தம்பி,

பத்து இருபதுக்கு வண்டு உள்ளே போனதாம், இவன் மணி பார்த்தானாம். அந்த வரியை நாலு தடவை படித்தேன். சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. நான் பார்க்க வேண்டியதை நீ பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

இங்கே ஒரு ரகளை. ஏழாவது மூட்டைக்கு வைத்திருந்த பப்பாளியைச் சௌந்திரம் பால்கனியில் வைத்துவிட்டுப் போக, மாப்பிள்ளை பாத்திரம் பாத்திரமாக மோந்து பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். பிரீத்தி என் முன்னால் வந்து நின்று, "அம்மா, உனக்கு என்னதான் ஆச்சு? நான் உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணுமா?" என்றாள். வண்டு விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சரி, ஆகஸ்ட்ல போய்ப் பார்ப்போம். காய்ச்சிருந்தா சரி, இல்லைன்னா நீ மறுபடி பேசக் கூடாது" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் பிடித்தால் விடமாட்டாள். யார் வயிற்றில் பிறந்தது?

ஐந்து வரிசை மட்டும் காய்த்தால் அவளுக்குப் போதாது, அது எனக்குத் தெரியும். தோட்டம் காய்க்க வேண்டும் என்றுதான் பேச்சு, தோட்டத்தில் ஒரு மூலை காய்க்க வேண்டும் என்று இல்லை. உன்னைத் திட்டவில்லை. ஆறு மூட்டைக்கு நீ வேறு என்ன செய்வாய். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அவ்வளவுதான். வாக்கர் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். டாக்டர் சபாஷ் என்கிறார். சமையலறையில் எனக்கு என்ன விளைகிறது?

அக்கா

கரட்டூர்
18.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிரீத்தியும் குமரனும் வந்து போனார்கள். அவர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. நடந்ததை நான் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

கணக்கு இதுதான். கீழ் ஐந்து வரிசையில் மரத்துக்கு நாற்பதுக்குக் குறையாமல் காய். சில கிளைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். மேல் ஒன்பது வரிசையில் மரத்துக்கு மூன்று, நாலு. சிலதில் ஒன்றும் இல்லை. இதை நோட்டில் சரியாக எழுதி வைத்திருந்தேன். அவர்கள் வந்தால் அப்படியே காட்டிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

கார் வந்து நின்றது. பிரீத்தி இறங்கி, "மாமா, அம்மா எப்பப் பாரு ஜன்னல்கிட்டயே நிக்குது. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க, தோட்டம் எப்படி இருக்குது?" என்றாள். நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. "நல்லா இருக்குது சாமி, வா காட்றேன்" என்று சொல்லிக் கீழ் வரிசைக்குக் கூட்டிப் போனேன். ஐந்து வரிசையும் நடக்க வைத்தேன். காயைக் கையில் பிடித்துப் பார்க்க வைத்தேன். மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். அப்புறம் அவர், "மேல போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நான், "ஏனுங்க மாப்ள, இப்ப மேல வேண்டாமுங்க. காலைல பெரிய கண்ணாடிவிரியன் ஒண்ணு படுத்திருந்துச்சு. இன்னும் போவலீங்க" என்று சொல்லிவிட்டேன்.

பாம்பு இல்லை. பாம்பு வந்ததே இல்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு கோழி செத்ததை நான் மறைத்ததில்லை, ஒரு முட்டையைக் கூட்டி எழுதியதில்லை. நேற்று என் அக்கா மகளிடம் நேராக முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர்கள் காபி குடித்துவிட்டு, "சரிங்க மாமா" என்று போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் பதினான்கு வரிசைக்கும் போதுமான அழுகலை நானே சேர்ப்பேன். இப்போதே கீழ் வரிசையில் விழுவதை மேலே கொண்டுபோய்ப் போடத் தொடங்கிவிட்டேன். அதற்கு, அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்க வேண்டும். அதனால்தான் பொய் சொன்னேன். நீங்கள் பிரீத்தியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றால் சொல்லிவிடுங்கள்.

செங்கோடன்

ஃபேர்லேண்ட்ஸ்
21.8.2025

செங்கோடா,

உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாத வேலையை எதற்குச் செய்தாய்?

நீ காபி போடப் போன நேரத்தில் பிரீத்தி குப்பாயியைக் கூப்பிட்டுப் பாம்பு எங்கே என்று கேட்டிருக்கிறாள். "பாம்புங்களா அம்மிணி? அது உங்க மாமாவுக்குத்தானுங்க தெரியும்" என்றாளாம் அந்த மகராசி. அப்புறம் மகள் மாதிரி நீ பார்க்கிற பெண், நீ அடுப்படியில் நிற்கும்போதே பின்பக்கமாக மேலே போய் ஒன்பது வரிசையும் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உன் காபியைக் குடித்திருக்கிறாள். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாயாம்.

அன்று ராத்திரி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் மறுபடி சண்டை என்று முதுகைக் காட்டிப் படுத்தேன். அவள், "மாமா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லைம்மா. மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு" என்றாள். அப்புறம், "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டா மாமா எங்கம்மா போவாரு? பண்ணை குவார்ட்டர்ஸும் காலி பண்ணிட்டாரு. அவருக்குன்னு வேற யாரு இருக்கா? நாம ரெண்டு பேரும் இவ்வளவு சண்டை போட்டோமே, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே" என்று கேட்டாள்.

நான் அதை ஒரு நாளும் நினைக்கவில்லை, தம்பி. என் மரம், என் கால், என் வாக்கு என்று பத்து மாசம் கத்திக்கொண்டு இருந்தேன். காய்க்காவிட்டால் முதலாளிக்கு லாபம் என்று உனக்கு எழுதினேன். காய்க்காவிட்டால் நீ எங்கே படுப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீயும் ஒரு கடுதாசியிலும் அதை எழுதவில்லை. வண்டு எத்தனை மணிக்குப் போனது என்று எழுதத் தெரிந்தது, இது எழுதத் தெரியவில்லையா? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பிரீத்தி என்னைக் கரட்டூர் போகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காரில் கொண்டுவந்து விடுகிறோம் என்கிறார்கள். ஞாயிறு வரைக்கும் என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை காலை சௌந்திரம் என்னை ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். பத்து மணி வாக்கில் ஸ்டாப்பில் வந்து நில். கடுதாசி பிந்திவிடும் என்று குப்பாயியிடமும் போனில் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து வந்துவிடுவேன். படியில் இறங்கத்தான் எனக்கு ஒரு கை வேண்டும்.

அக்கா